வெயிலை அறிந்த கட்டடம்

நாவலைப் பற்றிப் பேசும்போது கதைக்கு இத்தனை, நடைக்கு இத்தனை, பாத்திரங்களுக்கு இத்தனை என்று தனித்தனியாக மார்க்குப் போடுகிற விமரிசனத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நல்ல நாவலில் இவை தனித்தனியாக நிற்பதில்லை. ஒன்றை உருவினால் மற்றதும் கூடவே வந்துவிடும். ஆனால் கட்டடங்களைப் பற்றி இப்போது நடக்கிற பேச்சு பெரும்பாலும் இந்த மார்க்குப் போடுகிற காரியமாகத்தான் இருக்கிறது. அழகுக்கு இத்தனை, இஞ்சினீயர் திறமைக்கு இத்தனை, சுற்றுச்சூழலுக்கு இத்தனை என்று கூட்டிப் பார்க்கிறார்கள். நாலு பக்கமும் கண்ணாடி போர்த்திய ஒரு மாளிகையைக் கட்டி, அதைக் குளிர வைக்க இரவு பகலாக யந்திரங்களை ஓட்டிவிட்டு, மொட்டை மாடியில் சூரிய மின்பலகைகளையும் பதித்துவிட்டால், அதையும் பசுமைக் கட்டடம் என்று கொண்டாட ஆள் இருக்கிறது.

நான் கட்டடக் கலைஞன் அல்ல, கதை எழுதுகிறவன். இருந்தாலும் இந்தக் கூட்டல் கணக்கு தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குச் சாட்சி தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த ஒரு விடுதி இருக்கிறது. அதற்குக் கோல்கோண்ட் என்று பெயர். ஹைதராபாத்துக்குப் பக்கத்திலுள்ள கோல்கொண்டாவைப் பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் உச்சரிப்பார்கள். ஹைதராபாத் சமஸ்தானத்து ஸர் அக்பர் ஹைதரி மூலம் நிஜாமிடமிருந்து கிடைத்த நன்கொடையில் எழுந்ததால் அந்தப் பெயர் வந்தது.

1937ல் வேலை தொடங்கி, யுத்த காலத்தில் சாமான்கள் கிடைக்காமல் இழுபட்டு, 1940களில் முடிந்த கட்டடம் அது. திட்டம் வகுத்தவர் ஆன்டனின் ரேமண்ட். பொஹீமியாவில் பிறந்தவர், பிராங்க் லாயிட் ரைட்டின் இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக டோக்கியோ போய், அங்கேயே தம் தொழிலை நிறுவிக்கொண்டவர். பாரிஸில் லெ கார்பூசியேயிடம் வேலை பார்த்த செக் இளைஞர் பிரான்டிசெக் ஸாமரும், அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியரான ஜார்ஜ் நகஷிமாவும் உடனிருந்து கட்டினார்கள். நகஷிமா சம்பளம் வேண்டாம் என்று ஆசிரமவாசியாகவே ஆகி, சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். பிற்காலத்தில் மர வேலையில் உலகப் புகழ் பெற்றவர் அவர்தான்.

இந்தியாவில் நவீனக் கட்டடக் கலையின் முதல் சிருஷ்டிகளில் ஒன்று என்று இதைப் புகழ்வது வழக்கம். இருக்கலாம். ஆனால் முந்தியது என்பது ஒரு தகுதி அல்ல. முதல் நாவல் என்பதற்காக ஒரு நாவலை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. கோல்கோண்ட் இன்றும் பேசத் தகுந்ததாக இருப்பதற்குக் காரணம் வேறு. அது வெயிலை யோசித்துக் கட்டப்பட்ட கட்டடம்.

புதுச்சேரி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12 பாகையில் இருக்கிறது. அங்கே உச்சி வெயில் வருஷம் முழுவதும் தெற்கிலிருந்தே வருவதில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரையில் நடுப்பகல் சூரியன் தலைக்கு மேல் சற்று வடக்கே சாய்ந்து நிற்கிறது. ஆகவே தெற்கை மட்டும் மறைத்தால் போதாது, வடக்கையும் மறைக்க வேண்டும். ஆனால் இந்த இரண்டு பக்கங்களிலும் நடுப்பகல் வெயில் உயரத்திலிருந்து இறங்குவது. கிடையாக வைத்த பலகையே அதைத் தடுத்துவிடும். கிழக்கும் மேற்கும் அப்படி அல்ல. காலையிலும் மாலையிலும் வெயில் தாழ்ந்து வந்து நேரே அறைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகையால் கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீளமாகப் போட்டு, அகலம் குறைந்த ஓரங்களை அந்தத் திசைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வடக்கு முகத்திலும் தெற்கு முகத்திலும் ஜன்னல் கண்ணாடி என்பதே கிடையாது. தரையிலிருந்து மேல் தளம் வரை ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுப் பலகைகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். கையால் திருப்பினால் திறக்கும். மறுபடி திருப்பினால் மூடும். அறைக்கும் நடைக்கும் இடையே தள்ளு கதவு. தேக்குச் சட்டங்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி வைத்து இழைத்திருப்பதால், அதன் வழியாகக் காற்று போகும், கண் போகாது. மேல் தளத்தின்மீது வளைந்த காங்கிரீட் ஓடுகளை வேய்ந்து, இரண்டுக்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டிருக்கிறார்கள். வெயில் சுடுவது அந்த ஓட்டை. அறையின் கூரையை அல்ல. தரைக்கு மெருகேற்றிய கடப்பைக் கல், சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, சுற்றிலும் தோட்டம். குளிர வைக்கும் யந்திரம் எதுவும் அதன் திட்டத்தில் இல்லை.

இதைப் படித்ததும், "எங்கள் பாட்டனார் வீட்டு முற்றத்தில் இல்லாததா?" என்று ஒருவர் கிளம்புவார். அவருக்கு நான் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். முற்றத்து வீடு அருமையான வீடுதான். ஆனால் அங்கே பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் சுவர். சுவரை முழுவதும் திறந்துவிட்டால் மாடி தலையில் விழும். காங்கிரீட் தூண்கள் வந்த பிறகு பாரத்தைத் தூண்கள் ஏற்றுக்கொண்டன. சுவருக்கு விடுதலை கிடைத்தது. ஒரு முகம் முழுவதையும் பலகைகளால் அமைக்கலாம் என்ற எண்ணமே அந்த விடுதலைக்குப் பிறகுதான் சாத்தியம்.

கண்ணாடி மாளிகை பிறந்ததும் இதே விடுதலையில்தான். பாரம் சுமக்கும் வேலையிலிருந்து நீங்கிய சுவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் கிடைத்தன. ஒரு பதில் கண்ணாடி. அது குளிர் தேசத்துக்கு ஓரளவு பொருந்தும் பதில். வெயில் கண்ணாடி வழியே சுலபமாக உள்ளே வந்துவிடுகிறது. உள்ளே சூடாகும் பொருள்கள் விடும் வெப்பம் அத்தனை சுலபமாக வெளியே போவதில்லை. குளிர் நாட்டில் அது சுகம். நம் ஊரில் அது தண்டனை. அந்தத் தண்டனையிலிருந்து தப்ப யந்திரம் வைக்கிறோம். யந்திரம் வெப்பத்தை அழிப்பதில்லை, தெருவுக்குத் தள்ளுகிறது. உள்ளே இருப்பவரின் சுகத்துக்காக வெளியே நடைபாதையில் பழம் விற்கிறவள் கூடுதலாக வியர்க்க வேண்டியிருக்கிறது. மற்றொரு பதில் கோல்கோண்ட். அங்கே பலகைதான் அழகு, பலகைதான் நிழல், பலகைதான் காற்று. எதற்கு எத்தனை மார்க்கு என்று பிரிக்க வழியே இல்லை.

இத்துடன் நிறுத்திவிட்டால் இது விமரிசனம் ஆகாது, பாராயணமாகிவிடும். கோல்கோண்டின்மேல் சொல்லவேண்டிய குறைகளும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸின் துகள் நுரையீரலைக் கெடுக்கும் என்று இன்று நமக்குத் தெரியும். அந்தப் பலகையை இப்போது யாரும் பின்பற்றலாகாது. காங்கிரீட்டும் குற்றமற்ற பொருள் அல்ல. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது அந்தக் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளிப்படுகிறது. உலகத்தில் மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7, 8 பங்கு சிமெண்டின் கணக்கில்தான் சேர்கிறது.

இவற்றைவிடப் பெரிய ஆட்சேபம் ஒன்று உண்டு. அங்கே உழைத்தவர்களில் பலர் கூலிக்கு வந்தவர்கள் அல்ல, சாதகர்கள். நாள் கணக்குப் பார்க்காமல், கதவின் பித்தளைப் பிடியைக்கூடத் தாங்களே வார்த்துச் செய்தார்கள். குடியிருப்பவர்களும் அப்படியே. கண்ணாடி இல்லாத வீட்டில் ஓர் அறையின் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். மௌனத்தைப் பழகியவர்களுக்கு அது சரி. குழந்தை அழுகிற, குக்கர் கூவுகிற, டெலிவிஷன் அலறுகிற நம் குடும்பங்களுக்கு அது சரிப்படுமா? கூலியும் கடனும் தவணையுமாக வீடு கட்டுகிற நமக்கு இது எப்படி வழிகாட்டும்?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் எனக்குப் புதுச்சேரியில் கிடைக்கவில்லை, திருவனந்தபுரத்தில் கிடைத்தது. 1917ல் பர்மிங்ஹாமில் பிறந்து, இந்தியப் பிரஜையாகி, 2007ல் திருவனந்தபுரத்தில் காலமான லாரி பேக்கர் சாதாரணக் கொத்தனார்களை வைத்துக்கொண்டு, கூலி கொடுத்து, கடன்காரக் குடும்பங்களுக்கு வீடு கட்டியவர். செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். இதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகிறது. நடுவிலுள்ள காற்று வெயிலை உள்ளே விடத் தயங்குகிறது. காங்கிரீட் கூரையின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், காங்கிரீட் அல்ல. ஆகவே கம்பிகளுக்கு இடையில் அந்த வீண் காங்கிரீட்டுக்குப் பதிலாகப் பழைய மங்களூர் ஓடுகளை வைத்தார். சிமெண்டும் குறைந்தது, பாரமும் குறைந்தது, அண்ணாந்து பார்த்தால் கோலம் போட்டதுபோல் ஓர் அழகும் கிடைத்தது. ஜன்னலுக்குப் பதில் செங்கற்களுக்கு இடையே சந்து விட்டுக் காற்றையும் வெளிச்சத்தையும் வரவழைத்தார். திருவனந்தபுரத்தில் 1970களில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில் இவற்றையெல்லாம் பார்க்கலாம்.

கோல்கோண்டுக்கும் பேக்கரின் வீட்டுக்கும் தோற்றத்தில் ஒற்றுமை இல்லை. ஒன்று காங்கிரீட், ஒன்று செங்கல். ஒன்று தவசிக்கு, ஒன்று குமாஸ்தாவுக்கு. ஆனால் இரண்டிலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே. இந்த இடத்து வெயில் எந்தப் பக்கம் வருகிறது, காற்று எந்தப் பக்கம் வருகிறது, கையில் இருக்கிற சாமான் என்ன செய்யும், என்ன செய்யாது? அழகைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி கேட்க வேண்டிய அவசியம் இருவருக்கும் ஏற்படவில்லை.

தடை வேறு எங்கோ இல்லை, நம்மிடம்தான் இருக்கிறது. பூசாத செங்கல் சுவரைக் கண்டால், "பாவம், பணம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது" என்று நினைக்கிறவர்கள் நாம். பக்கத்து வீட்டில் கண்ணாடி என்றால் நம் வீட்டிலும் கண்ணாடி வேண்டும். அந்த ஆசைக்குக் கொத்தனாரோ இஞ்சினீயரோ பொறுப்பாளி அல்ல. வாசகர் கேட்கிற கதையைத்தான் பத்திரிகை போடும் என்பதுபோல, குடியிருப்பவர் கேட்கிற வீட்டைத்தான் ஊர் கட்டும்.

கோல்கோண்டில் வெயில் ஏறும்போது ஒருவர் எழுந்து போய்ப் பலகையைத் திருப்ப வேண்டும். மழை வந்தால் திருப்ப வேண்டும். காற்று மாறினால் மறுபடி திருப்ப வேண்டும். அதைத் தொந்தரவு என்று சொல்பவர்கள் உண்டு. அந்தத் தொந்தரவுதான் அந்தக் கட்டடத்தின் சிறப்பு என்பது என் அபிப்பிராயம். வெளியே என்ன நடக்கிறது என்பதைக் குடியிருப்பவர் மறக்க அது விடுவதில்லை. மறக்க வைக்கிற வீடுகளை நாம் நிறையக் கட்டிவிட்டோம். அதற்கான பில் மாதா மாதம் மின்சார இலாகாவிலிருந்து வருகிறது. மீதிப் பில் நம் பேரன்மார் பெயருக்குப் போய்க்கொண்டிருக்கிறது.