அழித்தது தெரிய வேண்டும்

கரி ஓவியங்களை அனிமேஷன் படமாக்கும் தென்னாப்பிரிக்கக் கலைஞர் வில்லியம் கென்ட்ரிட்ஜின் ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பத்துக்கு ஒன்பது பேர் ‘ஃபெலிக்ஸ் இன் எக்ஸைல்’ என்பார்கள். மறுக்க மாட்டேன். அந்நாட்டின் 1994 தேர்தலுக்குச் சற்று முன்பு முடிந்த படம் அது. செய்தித்தாள்கள் பறந்து வந்து பிணங்களை மூடும், பிணங்கள் மெல்ல மண்ணாகிவிடும். அதைப் பார்த்துக் கலங்காதவர் யார்? ஆனாலும் என் ஓட்டு 1991இல் வந்த ‘மைன்’ படத்துக்குத்தான். ஆறு நிமிடம்கூட ஓடாத அந்தப் படத்திலும் சில நொடிகளே எனக்குப் போதும்.

சுரங்க முதலாளி சோஹோ எக்ஸ்டைன் படுக்கையில் சாய்ந்தபடி காலைக் காபி குடிக்கத் தயாராகிறார். கண்ணாடிக் குடுவையின் அழுத்தியைக் கீழே தள்ளுகிறார். அது குடுவையின் அடியோடு நிற்கவில்லை. தட்டைத் துளைக்கிறது, மெத்தையைத் துளைக்கிறது, தரைக்குள் இறங்குகிறது, சுரங்கத் தொழிலாளிகள் அடுக்கடுக்காகப் படுத்திருக்கும் கொட்டடிகளைத் தாண்டிப் பாறைக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. முதலாளியின் காபிக்கும் பாதாளத்துக்கும் இடையே ஒரு வெட்டுகூட இல்லை. ஒரு கறுப்புக் கோடுதான் போகிறது. எல்லாரும் மெச்சுவது இந்தக் கற்பனையை. நான் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்ப்பது அந்த அழுத்திக்குப் பின்னால் மேலே நிற்கும் சாம்பல் நிறத்தை. அழுத்தி ஒரு கணம் முன்பு இருந்த இடம், அதற்கும் முன்பு இருந்த இடம், எல்லாம் தாளில் இலேசான அழுக்காகத் தங்கியிருக்கின்றன. துடைத்திருக்கிறார், ஆனால் போகவில்லை. கென்ட்ரிட்ஜ் என்ற கலைஞர் முழுக்க முழுக்க அந்த அழுக்கில்தான் இருக்கிறார் என்பது என் கட்சி.

அவர் வேலை செய்யும் முறை தெரிந்ததுதான். சுவரில் ஒரே தாள், அறையின் மறுகோடியில் கேமரா. கரியால் ஒரு மாற்றம் செய்கிறார், கேமராவிடம் நடந்து போய் ஓரிரு ஃப்ரேம் எடுக்கிறார், திரும்பி வந்து அழிக்கிறார், மறுபடி வரைகிறார். ஒரு காட்சிக்கே ஒரு தாள்தான் செலவு. தாள் மிச்சம், செருப்புத் தேயும். அந்த நடையில்தான் அடுத்த படம் தோன்றுகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். ‘மைன்’ எடுக்கும்போது சோஹோவைப் படுக்கையிலிருந்து சுரங்கத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்று அவருக்குத் தெரியாது. அன்று அறையில் காபிக் குடுவை ஒன்று இருந்தது, அவ்வளவுதான். முன்கூட்டியே முழுக் கதையையும் படவரிசையாகத் தீட்டி ஒட்டிவைத்திருந்தால் அந்த அழுத்தி படத்துக்குள் வந்தே இருக்காது.

தொடக்கத்தில் அவரும் அந்தக் கறையைக் குறையாகத்தான் எண்ணினார். சுத்தமாக அழிக்கப் பார்த்தார், கரி விடவில்லை. பிறகுதான் அது அவருடைய ஊரின் கதை என்று புரிந்தது. அவருடைய தந்தை சிட்னி கென்ட்ரிட்ஜ், நிறவெறி அரசின் காவலில் இறந்த ஸ்டீவ் பிகோவின் குடும்பத்துக்காக 1977இல் விசாரணையில் வாதாடிய வழக்கறிஞர். நடந்ததை இல்லை என்று சாதித்த அரசு ஒருபுறம், துடைத்தாலும் துடைபடாத தாள் மறுபுறம். ‘மைன்’ அடங்கிய வரிசையில் 1989 முதல் 2020 வரை 11 படங்கள். பதினொன்றிலும் அழிப்பான் கரிக்குச்சிக்குச் சமமான ஆயுதம்.

கென்ட்ரிட்ஜைத் தமிழக–கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கோவிந்தாபுரத்துக்குக் கூட்டி வந்தவள் என் அக்கா மகள். ஓவியக் கல்லூரி மாணவி. விடுமுறைக்கு வந்தவள் ஸ்கெட்ச் நோட்டோடு பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கும் முதலமடை மாந்தோப்புகளுக்கும் அலைந்துகொண்டிருந்தாள். ஒரு நாள், “மாமா, நம்ம செக்போஸ்ட்ட படமா எடுக்கப் போறேன், உங்க முன்னறை வேணும்” என்றாள். முன்னறை போனது. சுவர் கறுத்தது. என் மனைவி வாய்திறக்காமல் இருந்ததற்குக் காரணம், கரி எங்கள் வீட்டுப் புளியமரத்தில் விளைந்தது என்பதாக இருக்கலாம். கலம்காரிக்காரர்கள் புளியங்குச்சியைக் கரித்துத்தான் முதல் கோடு போடுவார்கள். அந்த வழியில் இவளும் குச்சிகளைத் தகரடப்பாவில் அடைத்து, மூடிக்கு மண் பூசி, அடுப்பில் வைத்து எடுத்தாள். கடைக் கரியைவிட மெத்தென்று இருந்தது, தாளில் எளிதாக ஏறியது. எளிதாக ஏறுவது எளிதாகக் கலங்கவும் செய்யும். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

எல்லையில் வாழ்கிறவர்களுக்குச் செக்போஸ்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2017இல் ஜிஎஸ்டி வந்து வரிச் சாவடிக்கு வேலை இல்லாமல் போகும்வரை, பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குப் போகும் சரக்கெல்லாம் இங்கே மூச்சுவாங்கித்தான் போகும். அவள் எடுத்தது இவ்வளவுதான்: ஒரு சாலை, ஒரு தடுப்புக் கட்டை, பின்னால் நெல்லியாம்பதி மலை. கட்டை ஏறுகிறது, லாரி போகிறது. மாடு ஏற்றிய வண்டி, மாங்கூடை ஏற்றிய வண்டி, வைக்கோல் ஏற்றி இரு பக்கமும் பிதுங்கிய வண்டி. ஒவ்வொன்றையும் வரைந்து, ஒரு விரற்கடை நகர்த்துவதற்கு அழித்து, மறுபடி வரைந்து. நொடிக்குப் பன்னிரண்டு மாற்றம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 720. மலையை மட்டும் அவள் தொடவே இல்லை.

விளைவு அவளே எதிர்பார்க்காதது. போன லாரிகளெல்லாம் சாலையில் படிந்தன. முதல் காட்சியில் வெறும் தாளாக இருந்த சாலை, கடைசியில் தாரைவிடக் கறுத்து நிற்கிறது. அவள் சாலையை வரையவே இல்லை. அழிந்த வண்டிகள் சேர்ந்து அதைப் போட்டுவிட்டன. வரி வாங்கியவர்களும் போய்விட்டார்கள், வரி கட்டியவர்களும் போய்விட்டார்கள், அவர்கள் போன தடம் மட்டும் வழியாகக் கிடக்கிறது. கென்ட்ரிட்ஜைப் பார்த்துப் பழகிய கை என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.

தொழில் தெரிந்தவர்கள் கேட்பார்கள் என்பதால் சில விவரம். பகல் வெளிச்சத்தை நம்பவில்லை. ஒரு மேகம் போனால் படம் கண் சிமிட்டும். சன்னலை அடைத்து இரவில்தான் எடுத்தாள். மின்னழுத்தம் இறங்கும்போதெல்லாம் வேலையை நிறுத்தினாள். கேமராவில் வெளிச்சம், நிறச்சமன், குவியம் மூன்றையும் பூட்டிவிட்டுத்தான் தொடங்கினாள். தாள் கனமானது. மெல்லிய தாளை நாலு முறை தேய்த்தால் சொரசொரப்பு போய்விடும், அப்புறம் கரி பிடிக்காது. கடைசி ஃப்ரேம்வரை கரி உறைய வைக்கும் திரவத்தைப் பக்கத்திலேயே அண்டவிடவில்லை. அடித்துவிட்டால் அழிப்பானுக்கு வேலை இல்லை.

இந்தப் படத்தை மதிப்பிட்ட பெரியவர்கள் அவளிடம் சொன்னது: பின்னணி அழுக்காக இருக்கிறது, கணினியில் சுத்தம் செய்துகொண்டு வா. கல்லூரியின் பெயர் இங்கே எதற்கு? இந்த நோய் ஓர் இடத்தோடு நிற்பதில்லை. காட்சிக்கு வைக்கப்படும் மாணவர் படைப்புகளை அங்கங்கே போய்ப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எல்லாம் வெண்மையோ வெண்மை. கோடு வழுக்கிக்கொண்டு போகிறது. கை நடுங்கியதற்கு, யோசித்து நின்றதற்கு, மாற்றிக்கொண்டதற்கு ஓர் அடையாளம் கிடையாது. விசித்திரம் என்னவென்றால், நடுக்கத்தையும் இப்போது செயலியே விற்கிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் கோடு துடிதுடிக்கும், தாளில் அழுக்கும் ஏறும். அழிக்காத ஒன்றுக்கு அழித்த தடம் போட்டுத் தருவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

களிமண் கட்சிக்காரர் ஒருவர் எனக்கு நெடுநாள் நண்பர். ஸ்டாப் மோஷன் என்றால் கையில் பிடிக்கத்தக்க பொருள் இருக்க வேண்டும், தாளில் கரியைத் தேய்ப்பதெல்லாம் அனிமேஷன் கணக்கில் வராது என்பார். அவருடைய சான்று சுரேஷ் எரியத். ஃபேமஸ் ஹவுஸ் ஆஃப் அனிமேஷன் காலத்தில் சேனல் வீ தொலைக்காட்சிக்கு வந்த சிம்புவையும் அமரான் பேட்டரி விளம்பரக் களிமண் உருவங்களையும் மறந்தவர் யார்? பின்னால் அவர் பல ஆண்டு உழைத்து எடுத்த ‘டோக்ரி’, அப்பாவின் கடிகாரத்தை உடைத்துவிட்டுக் கூடை விற்கப் போகும் சிறுமியின் கதை, 65ஆவது தேசிய விருதுகளில் அனிமேஷன் பரிசைப் பகிர்ந்துகொண்டது. நல்ல படம், சந்தேகமில்லை. நிக் பார்க்கையும் நண்பர் இழுப்பார். அவர் 1982இல் மாணவராக இருந்தபோது தொடங்கிய ‘எ கிராண்ட் டே அவுட்’ முடிந்தது 1989இல். அந்தப் பொறுமைக்கு முன் யாரும் கும்பிடத்தான் வேண்டும். ஆனால் நண்பரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் படத்து வாலஸின் முகத்தில் உனக்கு எது பிடிக்கும்? “அந்த விரல்ரேகை” என்பார். அப்புறம் என்ன, நாம் ஒரே கட்சிதானே என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். களிமண்ணில் ரேகை இருக்கும், ஆனால் நேற்றைய முகம் இருக்காது. பிசைந்ததும் போய்விடும். கரியில் நேற்றையதும் கூடவே நிற்கும். வித்தியாசம் அவ்வளவுதான், எனக்கு அது பெரிது.

இன்னொருவர் மலையாளி நண்பர். அழிப்பதுதான் பெருமை என்றால் எங்கள் களமெழுத்தைப் பார் என்பார். அரிசிப்பொடி, உமிக்கரி, மஞ்சள், இலைப்பொடி, மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்த சிவப்பு என்று ஐந்து நிறத்தில் மணிக்கணக்காகப் போட்ட பகவதியை, பாட்டு முடிந்ததும் காலால் கலைத்துவிடுகிறார்கள். அது பெரிய கலை. ஆனால் அங்கே அழிப்பு ஒரு முடிவு. களம் கலைந்தால் சடங்கு நிறைவு. கென்ட்ரிட்ஜிடம் அழிப்பு நடுவில் வருகிறது, எதையும் முடித்துவைப்பதில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் இரண்டுக்கும் நியாயமில்லை.

பாலக்காட்டுக்காரனாகப் பார்த்தால், அவர் நம்மோடு சேரும் இடம் வேறு. 2018 டிசம்பரில் தொடங்கிய கொச்சி பினாலேயில் அவருடைய ‘மோர் ஸ்வீட்லி ப்ளே த டான்ஸ்’ வந்தது. எட்டுத் திரைகளில் ஒரு முடிவில்லாத ஊர்வலம். பித்தளை வாத்தியம் முழங்க, நோயாளிகளும் எலும்புக்கூடுகளும் ஆடிக்கொண்டு நிழலாகக் கடந்து போகிறார்கள். பலர் வாய்பிளந்து நின்றார்கள். எனக்கு நினைவு வந்தது தோல்பாவைக்கூத்து. 42 அடி நீளக் கூத்துமாடம், திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்கு, மான்தோலில் வெட்டிய படைகள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகர்வது. மலையாளம் பேசும் புலவர்கள் விடியவிடியக் கம்பனைத் தமிழிலேயே சொல்வதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு எட்டுத் திரை புதுமையில்லை. கூனத்தறை ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் பக்கம் பெருமைப்பட்டதற்கும் அதுதான் காரணம். ஆனால் கொச்சியில் பார்த்த ஊர்வலத்தில் நடந்தவர்கள் படம்பிடிக்கப்பட்ட மனிதர்கள். கரி பின்னணியில் மட்டும்தான். அளவு கூடியது, கறை குறைந்தது. அதனால்தான் ஊரே கொண்டாடினாலும் எனக்கு அது ‘மைன்’ படத்துக்கு இரண்டு படி கீழேதான்.

சொல்லப்போனால் எல்லாம் ஸ்கெட்சில் இருந்துதான் வருகிறது. எல்லையில் இருப்பதில் ஒரு லாபம், இரண்டு மொழி வார இதழ்களும் வீட்டுக்கு வரும். ஒரு கையில் எம்.டி.யின் ‘ரண்டாமூழம்’ தொடருக்கு நம்பூதிரி போட்ட நெடிய உடல்கள், மறு கையில் கி.ரா.வின் கரிசல் கட்டுரைகளுக்கு ஆதிமூலம் போட்ட முரட்டு உருவங்கள். இருவரும் சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர்கள். நம்பூதிரியின் கோடு ஒரே மூச்சில் போகும். ஆதிமூலத்தின் கோடு போய், தயங்கி, மேலேயே இன்னொன்று போட்டுக்கொண்டு போகும். அன்றைக்கே எனக்கு ஆதிமூலம்தான். அவருடைய காந்தி வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகத்தைக் கண்டுபிடிக்கும்வரை கோடு தேடிக்கொண்டிருக்கும். தேடியதை அவர் மறைக்கவில்லை.

இன்று ஸ்கெட்ச் என்றால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, திரையில் வைத்து, மேலேயே இழுத்துவிடுவது. சந்தையில் மாடு நிற்காது, திரும்பும், தலையாட்டும். மூன்று தலை போட்டுத்தான் ஒரு தலை கிடைக்கும். அந்த மூன்று தலையும் தாளில் இருந்தால் அது பாதி அனிமேஷன். புகைப்படத்திலிருந்து இழுத்த மாட்டுக்கு ஒரே தலைதான் இருக்கும், அது செத்த தலை. என் அக்கா மகளின் லாரிகள் ஓடியதற்குக் காரணம் கேமரா இல்லை, சந்தையில் கெட்டுப்போன நோட்டுகள்.

நம் நாட்டில் அனிமேஷன் கலையைத் தொடங்கியவரும் ஓவியம் படித்தவர்தானே. பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் பயின்ற பால்கே, தன் முதல் கதைப்படத்துக்குப் பணம் திரட்ட, தொட்டியில் பட்டாணி முளைப்பதைச் சிறுகச் சிறுகப் படம்பிடித்துக் காட்டினார். 1915இல் தீக்குச்சிகளை ஆடவிட்டு ஒரு குறும்படமும் எடுத்தார். பணம் போடுகிறவர்கள் அன்று முளைத்த செடியைப் பார்த்து மயங்கினார்கள், தொட்டி சுத்தமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் ‘மைன்’, பிறகு ‘ஹிஸ்டரி ஆஃப் த மெயின் கம்ப்ளெயின்ட்’, பிறகு ‘ஃபெலிக்ஸ்’ என்ற வரிசையில் பாருங்கள். முதல் முறை இசையை நிறுத்திவிட்டுப் பார்த்தால் சாம்பல் தெளிவாகத் தெரியும். மாணவர் படங்களுக்கு மதிப்பெண் போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. படத்தைப் பார்த்ததோடு விடாமல், அதை வரைந்த தாளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். தாள் வெள்ளையாக இருந்தால் தயங்காமல் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.