வகுப்பறையும் சஞ்சிகையும்: எம். ஏ. நுஃமானின் உரைநடைப் பணி பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ்த் திறனாய்வின் வரலாறு பெரும்பாலும் பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகிய இரு பெயர்களைச் சுற்றி அது அமைவதற்குத் தக்க காரணங்கள் உள. ஆயினும், கைலாசபதி 1959 தொடக்கம் 1961 வரை தினகரன் நாளேட்டின் ஆசிரியராக இருந்தவர் என்பதும், பல்கலைக்கழக ஆசிரியப் பணிக்கு அவர் வந்து சேர்ந்தது பத்திரிகை அலுவலகத்தின் வழியாகவே என்பதும் அவ்வரலாற்றில் வெறும் வாழ்க்கைக் குறிப்பாக நின்றுவிடுகின்றன. பத்திரிகை, கட்டுரை, கற்பித்தல் ஆகிய மூன்றும் ஒருவரிடத்தே கூடும்பொழுது அவருடைய சிந்தனைக்கும் நடைக்கும் என்ன நேர்கின்றது என்ற வினா முறையாக எழுப்பப்படவில்லை. அவ்வினாவைக் கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ அன்றி, கல்முனைக் கரையிலிருந்து எழுப்பிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்கொள்ளப்படுபவர், 1944இல் கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான்.

நுஃமானைக் கவிஞராகவே பலர் அறிவர். யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்ட 1981ஆம் ஆண்டில் அவர் எழுதிய ‘புத்தரின் படுகொலை’ அவருடைய ஏனைய எழுத்துகளை மறைத்து நிற்கும் அளவிற்குப் புகழ் பெற்றுவிட்டது. கவிதையைப் பற்றி இங்கு நாம் பேசப்போவதில்லை. அவருடைய உரைநடையே நமது பொருள்.

முதலில் அந்தக் கரையைப் பற்றிச் சில சொற்கள் கூறவேண்டும். நீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எனக் கடலோரமாக ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் ஊர்கள் இவை. வெளியூரார் ஒருவருக்கு ஓரூர் எங்கே முடிகின்றது, மற்றையது எங்கே தொடங்குகின்றது என்பது புலப்படாது. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வரும். கிழக்கே கடல்; மேற்கே வயல். மருதமுனையில் கைத்தறி. இப்பொருளாதாரத்தில் எழுத்தைக் கொண்டு எவரும் உயிர் வாழ்ந்ததில்லை. எழுதியவர்களில் பெரும்பாலார் பாடசாலை ஆசிரியர்கள். கொழும்பு நாளேடுகளுக்குப் பிரதேசச் செய்தி அனுப்பிய நிருபர்களிலும் ஆசிரியர் பலர் இருந்தனர். மாதச் சம்பளம் வகுப்பறையிலிருந்து வந்தது. அச்சகக் கூலி அச்சம்பளத்திலிருந்து சென்றது. ஆகவே, ஆசிரியரே எழுத்தாளராகவும் இதழாசிரியராகவும் இருப்பது இக்கரையில் தனிமனிதச் சாதனை அன்று. அது அங்கே எழுத்து இயங்குவதற்கிருந்த ஒரேயொரு வழி. இதன் குறைபாடுகளும் வெளிப்படை. அரசாங்க ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தால் சஞ்சிகையும் இடம்பெயரும், அல்லது நின்றுபோகும்.

இச்சூழலின் மூத்த பிரதிநிதி நீலாவணன் (1931–1975). ஆசிரியர், கல்முனை எழுத்தாளர் சங்கத்தின் உயிர்நாடி. அவரைச் சூழ்ந்து வளர்ந்த இளைஞர் வட்டத்திலிருந்து வந்தவர்களே நுஃமானும் பாண்டிருப்பைச் சேர்ந்த சண்முகம் சிவலிங்கமும். நுஃமானும் பாடசாலை ஆசிரியராகவே தொழிலைத் தொடங்கினார். 1969–70 காலப்பகுதியில் கவிதைக்கென்றே ‘கவிஞன்’ என்னும் காலாண்டிதழை அவர் கல்முனையிலிருந்து நடத்தினார். அது நெடுநாள் வாழவில்லை. ஆனால் அதனோடு சேர்ந்து உருவான வாசகர் சங்கம் என்னும் வெளியீட்டு முயற்சி வாழ்ந்தது. மஹாகவியின் ‘கோடை’ 1970இல் அதன் வெளியீடாகவே வந்தது. யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்த கவிஞர் ஒருவரின் பா நாடகத்தைக் கல்முனைக்குடி முஸ்லிம் இளைஞர் ஒருவர் அச்சேற்றுகின்றார். அன்று இது எவருக்கும் வியப்பாகத் தோன்றியிராது. பின்வந்த ஆண்டுகளை அறிந்த நமக்கே அது வியப்பாகத் தோன்றுகின்றது.

‘வாசகர் சங்கம்’ என்ற பெயர் ஊன்றி நோக்கத்தக்கது. எழுத்தாளர் சங்கங்கள் மலிந்த நாட்டில் வாசகரின் பெயரால் ஒரு வெளியீட்டகம் அமைவது தற்செயலானதாகத் தோன்றவில்லை. நுஃமானின் உரைநடை முழுவதற்கும் அப்பெயரே திறவுகோல் என்பது எமது கருத்து. அவருடைய கட்டுரைகளை வாசிக்கும்பொழுது, எதிரே ஒருவர் அமர்ந்திருப்பதான உணர்வு எழுகின்றது. அவர் அறிஞரல்லர்; மூடருமல்லர்; க. பொ. த. உயர்தர வகுப்பில் தமிழ் பயின்று, பின்னரும் வாசிக்க விரும்புகின்ற ஒருவர். கலைச்சொல் வந்தால் அது அவ்விடத்திலேயே விளக்கப்படுகின்றது. எதிர்க்கருத்து முதலில் நேர்மையாக எடுத்துரைக்கப்பட்டு, அதன் பின்னரே மறுக்கப்படுகின்றது. வாக்கியம் சிறியது, வினைமுற்றுத் தெளிவானது. வகுப்பறையில் கற்ற ஒழுங்கு இது. ஆயின் வகுப்பறையின் சோம்பல் இங்கில்லை. பணங்கொடுத்து இதழை வாங்கும் வாசகன் எழுந்து போய்விடக்கூடும் என்ற அச்சம் சஞ்சிகை ஆசிரியருக்கு எப்போதும் உண்டு.

இவ்விரு பயிற்சிகளும் இணைந்து தொழிற்பட்டமைக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) மீது தமிழகத்து விமர்சகர் வெங்கட் சாமிநாதன் கடுமையான தாக்குதல் ஒன்றைத் தொடுத்தபொழுது, அதற்கு விரிவான மறுமொழியை நுஃமான் டொமினிக் ஜீவாவின் மல்லிகையில் எழுதினார். முற்போக்கு முகாமின் ஒரு பேராசிரியருக்காக எழுதப்பட்ட வாதம் என்று அதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் பின்னர் ‘மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்’ (1987) நூலில் அவர் வந்தடைந்த இடத்தைப் பார்க்கவேண்டும். உள்ளடக்கம் சரியாயின் கலைத்தன்மை தானே வரும் என்ற வரட்டுவாதமும், சமூகத்தைப் பேசினாலே கலை கெடும் என்ற தூய அழகியல்வாதமும் அங்கு ஒருங்கே மறுக்கப்படுகின்றன. தம் பக்கத்தாரின் குறைகளைத் தம் பக்கத்து வாசகருக்கே எடுத்துச் சொல்லுதல் எதிரியை மறுப்பதினும் கடினமானது. 1960களின் ஈழத்து முற்போக்கு விமர்சனத்தில் இத்துணிவு அரிதாகவே காணப்பட்டது.

1970களின் நடுப்பகுதியில் அவர் யாழ்ப்பாண வளாகத்திற்கு விரிவுரையாளராகச் சென்றார். 1979இல் வளாகம் பல்கலைக்கழகமாகியது. அதே ஆண்டில் மௌனகுரு, சித்திரலேகா ஆகியோருடன் இணைந்து அவர் எழுதிய ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்’ வெளிவந்தது. 1984இல் அ. யேசுராசாவுடன் சேர்ந்து தொகுத்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ சென்னை க்ரியா வெளியீடாக வந்து, தமிழகத்து வாசகர் பலருக்கு ஈழத்துக் கவிதையை அறிமுகஞ் செய்தது. தொகுப்பாசிரியர் பணியும் ஒருவகைத் திறனாய்வே; தெரிவு செய்பவன் தீர்ப்புச் சொல்கின்றான். நீலாவணனும் சிவலிங்கமும் மஹாகவியுடனும் முருகையனுடனும் சேரனுடனும் ஒரே நூலில் நின்றமை, கல்முனைக் கரை ஈழத்துக் கவிதையின் ஓரமன்று என்பதற்கான தீர்ப்பாகும்.

பின்னர் 1990 வந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் படுகொலை செய்யப்பட்டனர். ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டனர். கிழக்கில் தமிழ்ப் பொதுமக்களும் அதே காலத்திற் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, தமிழ்க் கவிதையைத் தொகுத்தும் பதிப்பித்தும் விளக்கியும் வாழ்ந்த ஒரு முஸ்லிம் திறனாய்வாளருக்கு அதன் பின்னர் இரு வழிகளே எஞ்சியிருப்பனபோலத் தோன்றின: மொழியால் ஒன்று என்று கூறி நடந்ததை மூடிமறைத்தல், அல்லது நடந்ததன் பொருட்டு மொழியைக் கைவிடுதல். நுஃமான் இரண்டையும் ஏற்கவில்லை. பேராதனையிலிருந்து அவர் எழுதிய கட்டுரைகளிலும், இலங்கை முஸ்லிம்களின் இன அடையாளம் பற்றி 2007இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலிலும், முஸ்லிம்களின் தனி அடையாளத்தை வரலாற்றில் உருவான உண்மையாக அவர் ஏற்கின்றார். அதேவேளை அவ்வடையாளத்துக்குள் உள்ள பன்மையையும் அழுத்திக் கூறுகின்றார். இந்நிலைப்பாடு இரு தரப்பிலும் கைதட்டல் பெறக்கூடியதன்று. கல்முனையின் பிரதேச செயலகப் பிரிப்புப் பற்றிய பிணக்கு 2019இல் உண்ணாவிரதம் வரை சென்றதை நினைவுகூர்வோர்க்கு, இவ்வெழுத்தின் தேவை விளங்கும்.

ஆயினும், இவ்வரலாற்றின் மிகச் சிறந்த உரைநடைப் பயன் எது என வினவினால், பலர் எதிர்பாராத ஒரு நூலையே யாம் சுட்டுவோம். அது ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ (1999). வெளியிட்டோர் கல்முனை வாசகர் சங்கத்தார். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் கவிதை வெளியிட்ட அதே சிற்றூர் முகவரியிலிருந்து இலக்கணம் வெளியிடுகின்றார். நன்னூல் எழுத்தோடும் சொல்லோடும் அமைய, இந்நூல் தொடரியலுக்கும் தனியிடம் தருகின்றது. இக்கால எழுத்துத் தமிழ் உண்மையில் எவ்வாறு உள்ளதோ அதனையே தரவாகக் கொள்கின்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற மொழியியற் பயிற்சி இதன் பின்னுள்ளது. அதனினும் பின்னால் ஒரு வகுப்பறை உள்ளது என்பது எமது ஊகம். வீட்டில் வாப்பா, உம்மா, காக்கா என்றும், மௌத்து, சபூர் என்றும் பேசிவிட்டு வரும் பிள்ளைக்கு அதன் மொழி கொச்சை என்று சொல்லப்பட்ட வகுப்பறைகள் இந்நாட்டில் பல இருந்தன. இலக்கணம் தண்டனைச் சட்டமன்று, விவரணமே என்று அப்பிள்ளைக்கு எடுத்துக்காட்டும் நூல், மொழித் தூய்மைவாதத்துக்கு எதிராக எழுதப்படும் பத்துக் கட்டுரைகளினும் ஆழமாகச் செயற்படும். பிறிதொரு குழுவின் சொத்தில் விருந்தினராக நிற்பவர் எவரும் அதற்கு இலக்கணம் எழுதுவதில்லை.

குறையும் கூறப்படல் வேண்டும். நுஃமானின் நடை சமநிலையானது. சிலவேளை மிகையாகவே சமநிலையானது. சினம் கொள்ளவேண்டிய இடத்திலும் வகைப்படுத்தலில் இறங்கிவிடுகின்றது. இரண்டாவது குறை அவருடையது மட்டுமன்று, அக்கரையுடையது. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியதன் பின் நீரும் நிலமும் கைமாறிய கதை, கரைவலைக்காரரின் கடன், கைத்தறிகளின் தேய்வு ஆகியன அங்கு கவிதையாயின, சிறுகதையாயின. நின்று நிலைக்கும் கட்டுரையாக மிகக் குறைவாகவே ஆயின. ஆசிரியர்கள் நடத்திய சஞ்சிகை இலக்கியத்தையே நாடிற்று; நிருபரின் செய்திக்குக் கொழும்பு ஒதுக்கிய இடமோ சில அங்குலம். இடைப்பட்ட வடிவமான நேரிற் கண்டு விரித்தெழுதும் கட்டுரைக்கு இடமளிப்பாரில்லை. ‘கவிஞன்’ போன்ற ஓர் இதழ் உரைநடைக்கெனவும் அக்கரையில் தோன்றியிருக்குமாயின், கிழக்கின் சமூக வரலாற்றை எழுதுவோர் இன்று இத்துணை வெறுங்கையராக நிற்கவேண்டியிராது.

இன்றைய பல்கலைக்கழகப் பதவி உயர்வுக்கான புள்ளித் திட்டங்கள் நடுவர் மதிப்பீடு பெற்ற ஆய்விதழ்க் கட்டுரைக்கே நிறை தருகின்றன. ஒலுவிலில் 1990களின் நடுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்து, அக்கரைக்குச் சொந்தமான விரிவுரை மண்டபங்கள் இப்போது உள. அங்கு கற்பிக்கும் இளம் விரிவுரையாளர் ஒருவர் தமது மாலைநேரங்களைச் சாய்ந்தமருதின் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவதில் செலவிட முன்வந்தால், அவருடைய துறைத் தலைவர் அவருக்கு என்ன அறிவுரை கூறுவார்?