உப்பளம் ஒதுக்குவதும் இறால் கேட்பதும்

முள்ளக்காட்டு உப்பளத்தில் பங்குனி வெயிலில் ஒருவர் பாத்தி ஓரம் குனிந்து, குவளையில் தண்ணீர் மொண்டு, அதில் ஒரு கண்ணாடி மிதவையை விடுவார். அடியில் கனமும் மேலே கோடுகளும் உள்ள மெல்லிய குழாய் அது. தண்ணீர் கெட்டிப்படக் கெட்டிப்பட மேலே எழும்பி நிற்கும். “இருபத்துநாலு டிகிரி” என்பார். பிரெஞ்சு மருந்தாளர் அந்த்வான் போமே 1768-ல் வகுத்த கணக்கு, தூத்துக்குடி அளத்தில் இன்றைக்கும் நாவில் புழங்குகிறது.

கடல்நீர் அந்த மிதவையில் சுமார் 3 டிகிரி காட்டும். வெயிலில் வற்ற வற்ற அது தன்னிடம் உள்ளதை வரிசையாக இறக்கிவைக்கும். முதலில் சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம், 25 டிகிரி வாக்கில் சோற்றுப்பு. 30-ஐ நெருங்கும்போது மிஞ்சி நிற்பது மக்னீசியம் மிகுந்த கசப்புத் தண்ணீர். நஞ்சோடை என்று சொல்லி அதை வெளியே விட்டுவிடுவார்கள். நாவில் பட்டால் ஒரே கரிப்பாகத் தெரியும் தண்ணீருக்குள் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதை அளத்துக்காரர்கள் அறிவார்கள். எனக்கு அது உறைக்க ஒரு கண்ணாடித் தொட்டியும் இருபது செர்ரி இறாலும் வேண்டியிருந்தன.

செர்ரி இறாலைப் பார்த்தால் சென்னாங்குன்னிக்கு உயிர் வந்து சிவந்தது போலிருக்கும். முழுதாக வளர்ந்தாலும் 3 செ.மீ.தான். சீன, தைவான் ஓடைகளில் மங்கிய நிறத்தில் திரிந்த நன்னீர் இனத்தைப் பொறுக்கிப் பொறுக்கிக் கூட்டி வளர்த்து எடுத்த சிவப்பு அது. சென்னைக் கொளத்தூர் அலங்கார மீன் கடைகளிலிருந்து பாலித்தீன் பையில் நம் ஊர்வரை வந்துவிடுகிறது. பாசியில் உட்கார்ந்து, முன்கால்களால் இடைவிடாமல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டே இருக்கும் அதன் சுறுசுறுப்பைப் பார்க்க உட்கார்ந்தால் இரவுச் சாப்பாடு ஆறிப்போகும்.

முதலில் நான் வாங்கிய கருவி டி.டி.எஸ். பேனா. ஆர்.ஓ. மாட்ட வருகிறவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுவாரே, அதேதான். நுனியை நனைத்தால் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, கரைந்திருப்பதன் மொத்தத்தை எண்ணாகச் சொல்லும். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் 1,400 காட்டியது. ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி ஊற்றி 200-க்கு இறக்கினேன். செர்ரி இறாலுக்கு 150 முதல் 250 வரை போதும் என்று படித்திருந்ததால் நிம்மதியாக இருந்தேன். மூன்றாவது வாரம் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. எல்லாவற்றுக்கும் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். பழைய ஓடு பிளந்தும் கழன்று வராமல், சட்டை உரிக்கும் நேரத்திலேயே உயிர் போயிருந்தது.

அப்போதுதான் சொட்டுச் சோதனைப் புட்டியை வாங்கினேன். இன்றைக்கும் என் மனசுக்கு மிக நெருங்கிய கருவி அதுதான். குப்பியில் 5 மி.லி. தண்ணீர் எடுத்து ஒரு சொட்டு விட்டுக் குலுக்கினால் ஆரஞ்சு நிறம் வரும். எந்தச் சொட்டில் அது பச்சையாகத் திரும்புகிறதோ, அந்த எண்ணிக்கைதான் தண்ணீரின் கடினத்தன்மை. ஒரு சொட்டு ஒரு டிகிரி. லிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமம். மின்கலமும் இல்லை, திரையும் இல்லை. எண்ணுகிற வாயும் நிறம் பார்க்கிற கண்ணும் வேண்டும். நல்ல சமையற்காரர் பாகு பதம் பார்க்கும் நிதானம் அதற்குள் இருக்கிறது.

அன்று என் தண்ணீர் இரண்டாவது சொட்டிலேயே பச்சையானது. செர்ரி இறாலுக்கு ஆறு முதல் எட்டு வேண்டும். பேனா பொய் சொல்லவில்லை, 200 இருந்தது உண்மை. அதில் பெரும்பங்கு சோற்றுப்பு. இறாலின் ஓட்டுக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் பேருக்குத்தான் இருந்தன. கடலோரக் கிணற்றை நம்பும் நம் ஊர்க்காரர்கள் பேனாவோடு நின்றுவிடக் கூடாது என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

அதற்காகப் பேனாவைத் தள்ளிவைக்க மாட்டேன். அதன் அருமை சித்திரையில் தெரியும். இந்த இறால் 20 முதல் 26 டிகிரி வெப்பத்தில் நன்றாக இருக்கும், 30 தாண்டினால் தவிக்கும். அதனால் தொட்டிமேல் சின்ன மின்விசிறி ஓட விடுகிறோம். நீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி குளிரும். ஆனால் தண்ணீர்தான் போகும், கரைந்தது போகாது. விசிறி ஓடும் தொட்டி ஒரு குட்டி உப்பளம்! 200 இருந்தது வாரக் கடைசியில் 230 என்று பேனா காட்டும்போது, வற்றிய அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று புரிந்துவிடும். தொட்டியில் நேற்றுக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட அதற்கு இணை கிடையாது.

புதுத் தொட்டிக்கு முதல் மாதம் அம்மோனியா, நைட்ரைட் சொட்டுகளும் கட்டாயம். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் குடியேற அவ்வளவு நாளாகும். அம்மோனியா குப்பியில் மஞ்சள் மாறாமல் நிற்கும் வரை இறாலை விடாதீர்கள். பி.எச். பேனா வாங்கினால் உடன் வரும் 6.86 தூளைக் கரைத்து, அவ்வப்போது சரிபார்த்து, நுனியை ஈரமாகவே வைத்திருங்கள். சோதனைத் தாள்கள் கடற்காற்றின் ஈரத்தில் சீக்கிரம் கெடும். டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள். மாநகராட்சிக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை நீக்காமல் ஊற்றக் கூடாது.

இப்போது நான் ஆர்.ஓ. தண்ணீரில் ஜிப்சத்தையும் பேதி உப்பையும் அளந்து கரைக்கிறேன். கடையில் இறாலுக்கென்று விற்கும் தாதுத் தூள்களிலும் முக்கியமாக இருப்பவை கால்சியமும் மக்னீசியமும்தான். உப்பு சுத்தமாக விளையவேண்டும் என்று அளத்துக்காரர் முன்பாத்தியிலேயே இறக்கிவிடும் ஜிப்சமும், கடைசியில் வடித்துவிடும் நஞ்சோடையின் மக்னீசியமும் என் தொட்டிக்கு உயிர். சுண்ணாம்பின் மதிப்பை இந்தக் கரைக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மன்னார் வளைகுடா முத்தும் அடுக்கடுக்காகச் சுண்ணாம்புதான். மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1973-ல் வளர்ப்பு முத்தை விளைவித்ததும், 1981-ல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத் தொட்டியில் வளர்த்தெடுத்ததும் இங்கேதான்.

நேற்று ஏழாவது சொட்டில் பச்சை வந்தது. பாசியின்மேல் ஒரு சட்டை கிடந்தது: மீசை முதல் வால்வரை ஒரு கீறல் இல்லாமல், ஊதினால் பறக்கும் கண்ணாடி போல. அதை எடுத்து எறியவில்லை. காலையில் பார்த்தபோது பாதி இல்லை. இரண்டு குட்டிகள் அதன்மேல் உட்கார்ந்து, சுண்ணாம்பைக் கொறித்துக்கொண்டிருந்தன.