அழையாத விருந்தாளி

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாம் அழைத்து வந்தவனுக்கே அதுதான் கணக்கு என்றால், துப்பாக்கியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவன் எத்தனை நாள் தங்கலாம்?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கதைகளை மறுபடி படித்தேன். ஒன்று, பிரான்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, 1942-ல் ரகசியமாக அச்சாகிய வெர்க்கோரின் 'கடலின் மௌனம்'. மற்றது, ஜான் ஹெர்ஸி 1944-ல் வெளியிட்ட 'அடானோவுக்கு ஒரு மணி'.

வெர்க்கோரின் ஜெர்மன் அதிகாரி பரம சாது, சங்கீதக்காரன், பிரெஞ்சு இலக்கியத்தில் மனத்தைப் பறிகொடுத்தவன். அவன் தங்கியிருக்கும் வீட்டில் ஒரு பெரியவரும் அவருடைய உடன்பிறந்தார் மகளும் இருக்கிறார்கள். இரவுதோறும் அவன் அன்பாகப் பேசுகிறான். அவர்கள் வாய் திறப்பதில்லை. சாதாரண எழுத்தாளர் அவனை அரக்கனாக்கியிருப்பார். அயோக்கியனை வெறுப்பதற்கு இலக்கியம் எதற்கு? நல்லவனே ஆனாலும் அவன் அழையாமல் வந்தவன். வெர்க்கோர் இதை விட்டு இம்மியும் நகரவில்லை.

ஹெர்ஸியின் அமெரிக்க மேஜர் ஜொப்போலோவும் நல்லவர்தான். ஸிஸிலியில் ஒரு சின்ன ஊரை நிர்வகிக்க வருகிறார். துப்பாக்கி செய்ய உருக்கப்பட்ட ஊர் மணிக்குப் பதிலாக வேறு மணி வாங்கித் தருகிறார். வண்டிகள் ஊருக்குள் வரக்கூடாது என்ற ஜெனரலின் உத்தரவை, ஜனங்களுக்குத் தண்ணீர் வரவேண்டுமே என்று மீறுகிறார். அதற்காக அவருக்கு மாற்றல் உத்தரவு வருகிறது. இருபது வயதில் படித்தபோது மேஜருக்காக அழுதேன். இப்போது அந்த ஊருக்காக வருந்துகிறேன். அவர் வந்ததையும் ஊரைக் கேட்கவில்லை, போனதையும் கேட்கவில்லை. ஹெர்ஸியின் கண்ணீரெல்லாம் மேஜருக்கே. நாவலின் குறை இதுதான் என்பேன்.

இது கதையோடு முடிந்துவிடவில்லை. 2001-ல் அமெரிக்கப் பட்டாளம் ஆப்கானிஸ்தானத்தில் நுழைந்தது. அதன் நிழலில் பெண் குழந்தைகள் மீண்டும் பள்ளிக்குப் போனார்கள். குண்டு வீச்சில் குடிகளும் செத்தார்கள். பட்டாளம் திரும்புவதற்கான ஒப்பந்தம் 2020 பிப்ரவரி 29-ல் தோஹாவில் கையெழுத்தாயிற்று. கையெழுத்திட்டவர்கள் அமெரிக்கரும் தாலிபானும். காபூல் சர்க்காருக்கு அங்கே நாற்காலி இல்லை. 2021 ஆகஸ்ட் 30-ல் கடைசி விமானம் கிளம்பியது. செப்டம்பரில் பையன்களின் உயர்நிலைப் பள்ளிகள் திறந்தன, பெண்களுடையவை திறக்கவில்லை.

'பார்த்தீர்களா, இருந்திருக்க வேண்டும்!' என்பார்கள் சிலர். எனக்குச் சம்மதமில்லை. இருபது வருஷம் போதவில்லை என்றால், நாற்பது எப்படிப் போதும்? அழையாமல் வந்தவன் போகத்தான் வேண்டும். ஆனால் கலைத்துப் போட்ட வீட்டில் எதை எடுத்து வைத்துவிட்டு, யார் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் போகட்டும். வாசலில் காத்திருந்த வேறொரு துப்பாக்கிக்காரனிடம் அல்ல.

அந்தப் பிரெஞ்சு வீட்டின் மௌனம் இப்போது எனக்கு வேறு விதமாகக் கேட்கிறது. அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லையே!