இறுக்கமான உடை ஏன்?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஓடும் இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெயிடவோ நேர்ந்தால், தனிப்பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண் தொழிலாளி மட்டுமே, இறுக்கமான உடையுடன் செய்யலாம் என்றிருந்தது. உடையை நிர்வாகமே தரவேண்டும் என்றது அது. நல்ல விதிதான், ஆனால் காரணம் சொல்லாத விதி.

காரணத்தை நாமே கணக்கிடுவோம். பின்னல் துணியின் மேற்பரப்பை மென்மையாக்க எமரித்தாள் சுற்றிய உருளைகள் பயன்படுகின்றன. மரத்தைத் தேய்க்கும் உருளையும் இதே இனந்தான். 12 செ.மீ. விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு 1500 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதன் பரப்பு நொடிக்கு 9.4 மீட்டர் ஓடும். ஆபத்தை உணர்ந்து கையை இழுக்கத் தொடங்கவே நமக்குச் சுமார் 0.2 நொடி ஆகும். அதற்குள் உருளை ஏறத்தாழ 1.9 மீட்டர் துணியைச் சுற்றிவிடக்கூடும். தொளதொளத்த சட்டைக்கை எம்மாத்திரம்? கையுறையும் அவ்வாறே ஆபத்தானது.

விதியில் வேறொரு குறையும் உண்டு. ஓடும்போதே நெருங்க அது இடமளித்தது. எமரித்தாளை மாற்றவும் இடைவெளியைச் சரிசெய்யவும் மின்சாரத்தைத் துண்டித்தால் மட்டும் போதாது. நிலைமத்தால் உருளை மேலும் சிறிது நேரம் சுழலும். அது முற்றிலும் நின்றபின்பே கை வைக்கவேண்டும். இயந்திரத்தருகே வெறுமனே 'எச்சரிக்கை' என்று எழுதுவதைவிட, '0.2 நொடியில் 1.9 மீட்டர்' என்று எழுதிவைப்பதே மேல். காரணம் தெரிந்தவர் விதியை மறக்கமாட்டார்.