ஈழத்துப் பொப்பிசையில் அங்கதம்: நித்தி கனகரத்தினத்தின் இரு பாடல்கள் குறித்து ஒரு நோக்கு

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுத்துவர். வெளிப்படையாகப் பழிப்பது முன்னையது; பழியை உள்ளே மறைத்துக் கூறுவது பின்னையது. ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையின் முன்னோடியாகிய நித்தி கனகரத்தினத்தின் பாடல்களை மதிப்பிடுவதற்கும் இப்பாகுபாடு துணைபுரிகின்றது.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் கிற்றார் இசையோடு எழுந்த இப்பாடல்கள் இலங்கை வானொலி வாயிலாக நாடெங்கும் பரவின. திரைப்பாடல்களே செவிகளை ஆண்டிருந்த அக்காலத்தில், நம்மூர் வாழ்க்கையை நகைச்சுவையுடன் பாடுபொருளாக்கியமை இவற்றின் சிறப்பு எனலாம். எனினும், அந்நகைப்பு யார்மீது விழுகின்றது என்பதே திறனாய்வுக்குரிய வினாவாகும்.

‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ செம்பொருளைச் சார்ந்தது. குடிப்பவனை நோக்கிய மன்றாட்டமும் எச்சரிக்கையுமே அதன் உள்ளடக்கம். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் தவறணை, கொட்டில் என்னுஞ் சொற்களும் மக்கள் நாவில் வழங்குகின்றன.  அறிவுரை வெளியிலிருந்து வருகின்றது. உழைத்துக் களைத்தவன் ஏன் அங்கு செல்கின்றான் என்பது வினவப்படவில்லை. ஆதலினாற்றான், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கொண்டாட்ட வீடுகளில் மது அருந்தியவர்களே இப்பாடலுக்கு ஆடிக் களிக்க முடிகின்றது. கண்டனம் தாளத்திற் கரைந்துவிடுகின்றது.

‘சின்ன மாமியே’ வேறுவகையானது. மருமகன் முறையானவன் மகள் எங்கே என வினவ, மாமி அவளுக்காகப் பரிந்து விடையிறுக்கின்றாள். மேலோட்டமாக நோக்குமிடத்து, வெளியே செல்லும் பெண்ணைக் கேலிசெய்யும் பாடலாகவே இது தோன்றும். ஆயின் அப்பெண் பாடலிற் பேசுவதேயில்லை. வினவுபவனே தன் ஐயத்தையும் உரிமை வேட்கையையும் வெளிப்படுத்தி நகைப்புக்கு உள்ளாகின்றான். இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவினர் 1968இல் வெளியிட்ட ‘வில்லேஜ் கிறீன்’ இசைத்தட்டிலும் இத்தகைய போக்கினைக் காணலாம். பழைய கிராமத்தைப் பேணப் புறப்பட்டவர்களாகத் தம்மையே வேடம்புனைந்து, அவ்வேக்கத்தின்பாற் பரிவையும் கேலியையும் அவர்கள் ஒருங்கே காட்டுகின்றனர். பாடுபவனையும் தப்பவிடாத நகைப்பே வலிமையுடையது.

இருப்பினும், இவ்விரு பாடல்களிலும் நகைப்பு வீட்டு முற்றத்தையும் கள்ளுக்கடை வாயிலையும் தாண்டவில்லை. அக்காலத்திலேயே முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய இடங்களில் வேலையற்ற படித்த வாலிபர் காடு வெட்டிக் குடியேறினர். அவர்களது நிலைமைக்கான காரணங்கள் இங்கு தலைகாட்டவில்லை. 2009இல் போர் முடிவுற்றபின் மீளக்குடியேறிய வன்னிக் கிராமங்களிலும், குடியைத் தனிமனிதக் குற்றமாக மட்டுங் காண்பது எளிது. இழப்பையும் வேலையின்மையையும் கடனையும் அதனோடு சேர்த்து நோக்குதல் கடினம். அக்கடினமான பணியை மேற்கொள்ளும் பாடலுக்கு, ‘கள்ளுக்கடை’யின் அறிவுரையிலும் ‘சின்ன மாமி’யின் கரந்த நகைப்பே தக்க முன்மாதிரியாக அமையும்.