வரிசை எண் 14: வந்தவாசிச் சண்டையை மறுபடியும் நடத்தலாமா?

போன மாதம் ஒரு நண்பர் பதினோரு பக்கத்துக்கு ஒரு திட்ட அறிக்கை அனுப்பினார். 2035 ஜனவரி 22 அன்று வந்தவாசிச் சண்டை நடந்து 275 வருஷம் ஆகிறது. அதை ஒட்டி இரண்டு நாள் விழா. அந்தக் கால உடுப்பு, வெற்று வெடிமருந்து போட்ட துப்பாக்கி, வாடகைக் குதிரை எல்லாம் வைத்து மைதானத்தில் சண்டையை அப்படியே நடத்திக் காட்டுவதாகத் திட்டம். மறுநிகழ்த்தல் என்று பெயர் வைத்திருக்கிறார். "படிச்சுட்டு குறை இருந்தா சொல்லுங்க சார்" என்றார். சொல்கிறேன். பொதுவில் எழுதவும் அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

முதலில் நல்லது. இவ்வளவு முன்கூட்டி யோசிப்பது சரிதான். 2015-இல் வாட்டர்லூவின் 200-ஆவது ஆண்டுக்கு பெல்ஜியத்தில் சுமார் 5,000 பேர் உடுப்பு மாட்டி இறங்கினார்கள், 300 குதிரைகளோடு. அதெல்லாம் ஆறு மாசத்தில் நடக்கிற காரியம் இல்லை. காப்பீடு, ஆம்புலன்ஸ், வெடிமருந்து அனுமதி என்று நண்பரின் எக்செல் தாளில் எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கிறது. இருபது வருஷமாக மென்பொருள் திட்ட அட்டவணைகளோடு மாரடிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒழுங்கான வேலை.

உடுப்பில் ஒரு தப்பு. ஆங்கிலேயருக்குச் சிவப்பு, பிரெஞ்சுக்காரருக்கு நீலம் என்று பிரித்திருக்கிறார். சினிமாவில் பார்த்தால் அப்படித்தான் தோணும். ஆனால் பிரெஞ்சுத் தளபதி லாலியின் சொந்த ரெஜிமென்ட் ஐரிஷ் ரெஜிமென்ட். பிரான்ஸுக்காகச் சண்டை போட்ட ஐரிஷ் படைகள் போட்டது சிவப்பு. எதிரில் நின்ற அயர் கூட்டும் அயர்லாந்தில் பிறந்தவர். லாலியின் அப்பாவும் அங்கிருந்து வந்தவர்தான். யார் வீட்டுச் சண்டை யார் வயலில் நடந்தது என்று பாருங்கள்.

இது திருத்தக்கூடிய தப்பு, துணி வாங்குமுன் மாற்றிக்கொள்ளலாம். என் நிஜமான சண்டை அறிக்கையின் ஏழாம் பக்கத்தோடு. அங்கே பாத்திரப் பட்டியல் இருக்கிறது. வரிசை எண் 1 கூட். 2 லாலி. 3 புஸ்ஸி, அன்று கைதியாகப் பிடிபட்டவர். இப்படியே அதிகாரிகளாக இறங்கி, 14-இல் வருகிறது: "சிப்பாய்கள் – கல்லூரி மாணவர்கள், தேவைக்கேற்ப".

அன்று கூட்டின் பக்கம் சுமார் 2,100 சிப்பாய்கள் இருந்தார்கள், லாலியின் பக்கம் சுமார் 1,300. இரண்டு பக்கமும் பெரும்பாலும் நம்ம ஊர் ஆட்கள். மாடு ஓட்டினவன், பல்லக்குத் தூக்கினவன், சமைச்சவன் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

நண்பர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தக் குறிப்பிட்ட நாளில் முக்கியமான மோதல் ஐரோப்பியருக்குள்தான். லொரேன் ரெஜிமென்ட் நெருக்கி வந்து மோதியது, பிரெஞ்சு வெடிமருந்து வண்டி வெடித்தது, எல்லாம் அவர்கள் கதை. அதைத்தான் அவர் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் நம்ம ஊரில் இந்தப் போரை நினைக்க அந்த நாள்தான் சரியான நாளா என்பது என் கேள்வி.

நான் இருப்பது கண்டமங்கலம். வந்தவாசிக்குப் பிறகு போர் எங்களைச் சுற்றித்தான் நடந்தது. 1760 ஏப்ரலில் வழுதாவூர் விழுந்தது. ஜூலையில் வில்லியனூர். பெரம்பையில் ஆங்கிலேயர் முகாம். தினமும் பஸ்ஸில் கடக்கிற ஊர்கள். புதுச்சேரியைச் சுற்றி அப்போது கற்றாழையும் முட்செடியுமாக அடர்ந்த எல்லை வேலி ஒன்று இருந்தது. அதன் காவல் அரண்களுக்கு வில்லியனூர், வழுதாவூர் என்றே பெயர். செப்டம்பரில் அந்த வேலியும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. உள்ளே சாப்பாடு தீர ஆரம்பித்தது.

நவம்பர் 27 அன்று லாலி ஒரு முடிவு எடுத்தார். நகரத்தில் மிச்சமிருந்த உள்ளூர் ஜனங்கள், ஆணும் பெண்ணும் குழந்தையுமாக சுமார் 1,400 பேரை வெளியே துரத்தினார். வெளியே ஆங்கிலேயர் விடவில்லை. பசித்த வாய்கள் உள்ளேயே இருந்தால்தான் கோட்டை சீக்கிரம் விழும் என்பது முற்றுகைக் கணக்கு. திரும்பிப் போனால் கோட்டையிலிருந்து சுட்டார்கள். எட்டு நாள், கோட்டைக்கும் வேலிக்கும் நடுவில், புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு கிடந்தார்கள். அப்புறம்தான் கூட் வழி விட்டார். இதை எழுதிவைத்தவர் ராபர்ட் ஓர்ம், ஆங்கிலக் கம்பெனியின் ஆள். 1,400 என்ற எண்ணிக்கை இருக்கிறது. ஒரு பெயர் கிடையாது. லாலிக்கு 1766-இல் பாரீஸில் தலை போனது, அதுக்கு வால்டேர் வரைக்கும் எழுதினார்கள்.

பதினோரு பக்கத்தில் இந்த எட்டு நாளைப் பற்றி ஒரு வரி இல்லை. காரணம் அலட்சியம் இல்லை என்றே நினைக்கிறேன். மறுநிகழ்த்தல் என்ற வடிவத்துக்கு அது பொருந்தாது. அந்த வடிவத்துக்கு அணிவகுப்பு வேணும், புகை வேணும், மாலை ஐந்து மணிக்குள் ஜெயித்தவன் யார் என்று தெரியணும். பசியை எப்படி நடிப்பது?

அமெரிக்காக்காரர்கள் இதில் ஏற்கெனவே சூடு பட்டவர்கள். உள்நாட்டுப் போரின் நூற்றாண்டுக்கு 1961 ஜூலையில் மனாசஸ் சண்டையைப் பிரம்மாண்டமாக நடித்துக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம். அடிமைமுறையை ஒட்டி நடந்த போர், கறுப்பர்கள் சம உரிமைக்காகச் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த அதே வருஷத்தில் பிக்னிக்காக மாறிவிட்டது என்று கண்டனம் வந்தது. அதே வருஷக் கடைசியில் நூற்றாண்டு ஆணையத்தின் பொறுப்புக்கு வந்த வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ், இந்த மாதிரி மறுநடிப்புகளை ஆணையம் ஆதரிப்பதை நிறுத்தினார்.

அப்போ போரை நடித்தே காட்டக் கூடாதா என்றால், அப்படியும் இல்லை. விழுப்புரம், செஞ்சிப் பக்கம் ஆளுக்கு இது புதுசே கிடையாது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, ராத்திரி கூத்து நடத்தி, கடைசியில் காலையில் படுகளம். மண்ணால் மல்லாந்து கிடக்கிற பெரிய துரியோதனன். பீமன் வேஷக்காரரும் துரியோதனன் வேஷக்காரரும் அதன் மேலேயே ஓடி ஓடிச் சண்டை. தொடை பிளந்து சிவப்பு கொட்டியதும் திரௌபதி கூந்தல் முடிகிறாள். பல ஊர்களில் அதோடு விடுவதில்லை. காந்தாரி வந்து மகனுக்காக ஒப்பாரி வைக்கணும். சின்ன வயசில் நான் பார்த்தபோது அந்த இடத்தில்தான் என் பாட்டி அழுதார், பீமன் ஜெயித்தப்போ இல்லை. தோற்றவனின் அம்மாவுக்கு நேரம் ஒதுக்குகிற போர்க்காட்சி இது. நண்பரின் நிகழ்ச்சி நிரலில் அப்படி ஒரு அரை மணி நேரம் இல்லை.

படுகளத்தைத் தூக்கிக் கொண்டாடவும் எனக்குத் தயக்கம் உண்டு. இதே மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்களை விடாத தகராறில், 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். யார் உள்ளே வரலாம் என்பதில் நம் வடிவத்துக்கும் ஒரு முள்வேலி இருக்கிறது. கூத்திலிருந்து எடுத்துக்கொள்வதானால் இதையும் பார்த்துக்கொண்டே எடுக்கணும்.

நண்பருக்கு நான் எழுதிய பதில் சுருக்கமாக இது. தேதியை 2035 ஜனவரி 22-லிருந்து அதே வருஷம் நவம்பர் 27-க்குத் தள்ளுங்கள். இடத்தை வில்லியனூர்–பெரம்பைப் பக்கம் மாற்றுங்கள். பீரங்கி வேண்டாம், குதிரை வேண்டாம், பாதிச் செலவு மிச்சம். வேலி போன தடத்தில் ஜனங்கள் நடக்கட்டும். நடுவில் ஒரு ராத்திரி கூத்து, இந்தக் கதைக்கென்றே புதுசாக எழுதச் சொல்லி. கூலியைக் கூத்துக் கலைஞர்களுக்கு முன்கூட்டியே கொடுங்கள், 'தேவைக்கேற்ப' என்று போடாதீர்கள்.

அவர் உடனே போன் பண்ணினார். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா சண்டையே இல்லாம எவன் ஸ்பான்சர் பண்ணுவான்?" என்றார். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை.

அதுக்கு முன்னாடி அந்த வேலி எங்கெங்கே போச்சு என்று இன்றைய சாலைகளோடு ஒப்பிட்டுக் குறிக்கணும். பழைய முற்றுகை வரைபடங்களை வைத்து பாதி முடித்திருக்கிறேன். வர்ற ஞாயிறு காலை பெரம்பைப் பக்கம் போகிறேன், வண்டியில் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது.